பெட்டியில் போட்ட வாட்டும் ஊட்டியில் கிடைக்கும் வாட்டும்

டிசம்பர் பிறந்து தலைகுந்தா பக்கம் உறைபனியில் புல் வெளுக்க ஆரம்பித்ததும், நீலகிரியில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரி போன்கள் வரும். "அண்ணா, கெய்சர்ல ரெண்டாயிரம் வாட்டுன்னு போட்டிருக்கு. அரை மணி நேரம் போட்டாலும் வெதுவெதுன்னுதான் வருது. காயில் போயிடுச்சுங்களா?" காயில், அதாவது உள்ளே சூடாக்கும் கம்பிச் சுருள், போயிருந்தால் அந்த வெதுவெதுப்பு கூட வராது. பெரும்பாலும் கெய்சர் நன்றாகவே இருக்கும். அதற்கு வந்து சேருகிற கரண்ட்தான் வழியிலேயே மெலிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆளை வரவழைக்க வேண்டியதில்லை. மின்சாரத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும். பள்ளியில் மின்சாரப் பாடத்தைத் தாண்டி ஓடிவந்தவர்களுக்கும் புரியும்படிதான் கீழே எழுதியிருக்கிறேன். தண்ணீர்க் குழாயை வைத்து விளக்கும் பழைய உவமையை எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு நேரே கணக்குக்குப் போவோம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 2000 வாட், 230 வோல்ட் வந்தால் மட்டும் கிடைக்கும் திறன். வோல்ட் என்பது கரண்டைத் தள்ளும் அழுத்தம், ஆம்பியர் என்பது ஓடும் கரண்டின் அளவு. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் குறையும், வாட் அதைவிட வேகமாகக் குறையும். அநேகமாக மாறாமல் இருப்பது காயிலின் மின்தடை ஒன்றுதான். சூட்டில் அதுவும் கொஞ்சம் ஏறும், ஆனால் கெய்சர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் போன்றவற்றின் கம்பியில் அந்த ஏற்றம் கணக்கைக் கெடுக்கும் அளவுக்கு இருக்காது. அதனால் எந்தச் சூடாக்கும் சாமானாக இருந்தாலும் முதலில் அதன் ஓமை, அதாவது மின்தடையின் அளவை, கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

நாலு வரிக் கணக்கு

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்
வோல்ட் × ஆம்பியர் = வாட்
வோல்ட் × வோல்ட் ÷ ஓம் = வாட்
ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் = வாட்

முதல் வரி ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்டது. கடைசி வரி, கம்பியில் உண்டாகும் சூட்டை அளந்து ஜேம்ஸ் ஜூல் 1841-இல் சொன்னது. மூன்றாவதும் நான்காவதும் புது விதிகள் இல்லை. முதல் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் வருபவைதான். ஆனால் வீட்டில் அதிகம் பயன்படப் போவது அந்த இரண்டும்தான்: சாமானுக்கு மூன்றாவது, வயருக்கும் பிளக்குக்கும் நான்காவது.

முதல் படி: லேபிளிலிருந்து ஓம்

கெய்சரின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கும். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் 26.4 ஓம்.

இரண்டு தடவை வகுக்கச் சோம்பலாக இருந்தால் 52,900 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கியது அது. அதை லேபிள் வாட்டால் வகுத்தால் நேரே ஓம் வந்துவிடும். 2000 வாட் கெய்சருக்கு 26.45. 1500 வாட் கெட்டிலுக்கு 35. 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு 53. 400 வாட் ஹீட்டர் ராடுக்கு 132. வாட் கூடக்கூட ஓம் குறைகிறது, கவனியுங்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். தடை அதிகமானால் சூடும் அதிகம் என்று தோன்றும். அது ஒரே ஆம்பியர் ஓடும் இடத்தில்தான் சரி. வீட்டில் எல்லாச் சாமானுக்கும் கிடைப்பது ஒரே வோல்ட். அதனால் தடை குறைந்ததுதான் அதிகம் இழுக்கும், அதிகம் சூடாகும்.

இரண்டாம் படி: மீட்டர் வைத்து ஓம்

லேபிள் கணக்கு சரிதானா என்று பார்க்க, பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, கழற்றியே ஆக வேண்டும். கரண்ட் இருக்கும் இடத்தில் ஓம் பார்த்தால் மீட்டர் போகும், சில சமயம் ஆளும் போவார். மல்டிமீட்டரைக் குதிரை லாடம் மாதிரி இருக்கும் ஓம் குறிக்குத் திருப்புங்கள். 200 என்ற அளவு இருந்தால் அதில் வையுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் சின்ன எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு வரும் அளவிலிருந்து கழித்துவிடுங்கள். பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் பின் எர்த். அதை விட்டுவிட்டு மற்ற இரண்டு பின்களில் முனைகளை வையுங்கள். கெய்சரின் தெர்மோஸ்டாட்டைத் திருகி உச்சத்தில் வைத்திருக்க வேண்டும். தண்ணீரும் ஆறியிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே தொடர்பு துண்டித்தே இருக்கும், காயில் போய்விட்டது என்று தப்பாக முடிவுகட்டுவீர்கள்.

25-லிருந்து 28 வரை எது காட்டினாலும் காயில் நலம். அளவே வராமல் திரையின் ஓரத்தில் 1 என்ற இலக்கம் மட்டும் நின்றால் காயிலோ தெர்மோஸ்டாட்டோ அறுந்திருக்கிறது. அப்படியே ஒரு முனையை எர்த் பின்னுக்கு மாற்றுங்கள். மீட்டரை ஆகப் பெரிய ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் அங்கே எண் வரக் கூடாது. சில ஆயிரம் ஓம் காட்டினால் காயிலின் மேலுறை விட்டுப்போய் தண்ணீர் வழியாகக் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். அந்தக் கெய்சரை அதோடு நிறுத்துங்கள். எண் வரவில்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மல்டிமீட்டர் சின்ன பேட்டரியை வைத்துச் சோதிக்கிறது, 230 வோல்ட்டில் கசிவது அதற்குத் தெரியாமல் போகலாம்.

இங்கேயே இன்னொரு ஓம் கணக்கும் போட்டுவிடுவோம். மழைக்காலத்தில் ஈரக் கையோடு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆளின் உடல்தடை சுமார் ஆயிரம் ஓம் வரை இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிரை எடுக்க அது தாராளம். ஆர்.சி.சி.பி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகும்படி செய்யப்பட்டது இதனால்தான். கெய்சர் வாங்கும் முன் அது போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: வோல்ட் பார்ப்பது

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்புங்கள், அலைக்கோடு போட்டிருக்கும் பக்கம். 600 அல்லது 750 அளவில் வையுங்கள். சிவப்பு முனையின் வயர் ஆம்பியர் ஓட்டையில் செருகியிருக்கக் கூடாது. அப்படி இருந்து பிளக் ஓட்டையில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட்தான். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு இருக்கட்டும். மெயின் போர்டைத் திறந்து பார்ப்பதை லைசென்ஸ் உள்ள ஆளிடம் விடுங்கள். மின்வாரிய மீட்டர்கள் பலவற்றின் திரையில் வோல்ட்டும் மாறி மாறி ஓடும், அதைப் பார்த்துக்கொண்டாலே போதும்.

மஞ்சூர் மலைச்சரிவில் ஒரு ஹோம்ஸ்டே என்று வைத்துக்கொள்வோம். மேலே வீடு, 45 மீட்டர் தள்ளிக் கீழே தேயிலையை ஒட்டி ஒரு காட்டேஜ். கெய்சர் காட்டேஜில் இருக்கிறது. இரவு ஏழரை மணி. கெய்சரைப் போடாதபோது காட்டேஜ் பிளக்கில் 195 வோல்ட், மேலே மீட்டரிலும் அதே 195. கெய்சரைப் போட்டதும் காட்டேஜில் 180-க்கு இறங்குகிறது, மேலே மீட்டரில் 192. கெய்சர் ஓடும்போது வோல்ட் பார்க்க அதே போர்டில் பக்கத்திலிருக்கும் பிளக் ஓட்டை உதவும்.

இப்போது கணக்கு. காயில் 26.45 ஓம். 180-ஐ அதனால் வகுத்தால் 6.8 ஆம்பியர். 180 × 180 ÷ 26.45 என்றால் 1225 வாட். அதாவது 2000 வாட் கெய்சர் வாங்கி 1225 வாட் கெய்சர் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வோல்ட் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, வாட்டோ கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் வரும் வினை இது. வெறும் 10 சதவீதம் குறைந்து 207 வந்தாலே 1620 வாட்தான் கிடைக்கும்.

தண்ணீர் பக்கமும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4186 ஜூல் வேண்டும். ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். 15 லிட்டரை 12 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்ற, 15 × 38 × 4186, ஏறக்குறைய 23 லட்சத்து 86 ஆயிரம் ஜூல். 2000 வாட்டில் இது 20 நிமிஷம். 1225 வாட்டில் 32 நிமிஷம். சமவெளியிலிருந்து வந்தவருக்கு இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. அங்கே குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கும், ஏற்ற வேண்டியது 22 டிகிரிதான், 12 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதே கெய்சரை இங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டு அது கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள். கெட்டிலில் மட்டும் மலை நமக்கு ஒரு சின்னத் தள்ளுபடி தருகிறது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நான்காம் படி: வோல்ட் எங்கே தொலைந்தது

மறுபடி அந்த எண்களுக்கு வாருங்கள். கெய்சரைப் போட்டதும் காட்டேஜில் 15 வோல்ட் இறங்கியது. மேலே மீட்டரில் 3 வோல்ட்தான் இறங்கியது. அப்படியானால் 12 வோல்ட் மீட்டருக்கும் காட்டேஜுக்கும் நடுவே போயிருக்கிறது. ஓடியது 6.8 ஆம்பியர். 12 ÷ 6.8 = 1.76 ஓம். அந்த வயரின் மின்தடையை, சுவரை உடைக்காமல் மண்ணைத் தோண்டாமல், பிளக்கில் நின்றபடியே அளந்துவிட்டீர்கள்.

1.76 ஓம் நியாயமானதா? செம்பு வயரின் தடை அதன் தடிமனைப் பொறுத்தது. பல இழை வயரில் 1 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 19.5 ஓம். 1.5-க்கு 13.3. 2.5-க்கு 7.98. 4-க்கு 4.95. கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், அதனால் 45 மீட்டர் தூரத்துக்கு 90 மீட்டர் வயர் என்று கணக்கு. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 90 மீட்டருக்கு 1.755 ஓம். ஆக, திருட்டு எங்கும் இல்லை, லூஸ் கனெக்ஷனும் இல்லை. லைட்டுக்குப் போட வேண்டிய வயரைக் கெய்சருக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் தடை 0.45 ஓம், இழப்பு 3 வோல்ட் சொச்சம். காட்டேஜுக்கு 189 கிடைக்கும், கெய்சர் 1350 வாட்டுக்கு ஏறும்.

கணக்கில் வந்த ஓமை விட அளந்து வந்த ஓம் ரொம்ப அதிகமாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். வயர் 10 மீட்டர்தான், ஆனால் 1.76 ஓம் வருகிறது என்றால் எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது. 12 வோல்ட் × 6.8 ஆம்பியர், 82 வாட் சூடு அந்த ஒரே மூட்டில் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மீதி இருப்பது 230-க்கும் 195-க்கும் நடுவில் உள்ள 35 வோல்ட். அது வீட்டுக்கு வெளியே, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பம் வரை. படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் சாயங்காலம் எல்லாரும் ஹீட்டர் போடும்போது இது நடக்கும். விடிகாலை மூன்று மணிக்குப் பார்த்தால் வோல்ட் எழுந்து நிற்கும். மூன்று நான்கு நாள், ஒரே நேரத்தில் மீட்டரில் வரும் வோல்ட்டைக் குறித்து எழுதிக்கொடுத்தால் மின்வாரியத்தில் புகாருக்கு ஒரு பலம் வரும். "லோ வோல்டேஜுங்க" என்று வாயால் சொல்வதற்கும் தேதி, நேரம், 195 என்று தாளில் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பைக்காராவில் 1932-லேயே கரண்ட் எடுக்க ஆரம்பித்த மலை இது. குந்தா மின்நிலையங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. அப்படியிருந்தும் ஏன் நமக்கு லோ வோல்டேஜ் என்று மஞ்சூரில் டீக்கடையில் அடிக்கடி கேட்கலாம். அங்கே எடுத்த கரண்ட் நம் வீட்டுக்கு நேரே வருவதில்லை. உயர் அழுத்தத்தில் ஏறிப்போய், துணைமின்நிலையம் வழியாகப் படிப்படியாக இறங்கித்தான் வருகிறது. நான்காவது வரியைப் பார்த்தால் காரணம் தெரியும். பத்து லட்சம் வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் 4348 ஆம்பியர். அதையே 1,10,000 வோல்ட்டில் அனுப்பினால் 9 ஆம்பியர். கம்பியின் சூடு ஆம்பியரை இரண்டு தடவை பெருக்கி வருவது, ஆகவே 9 ஆம்பியரில் இழப்பு ஒன்றுமே இல்லாத மாதிரி. நஷ்டம் பெரும்பாலும் கடைசி அரைக் கிலோமீட்டரில், 230 வோல்ட் கம்பியில்தான்.

ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். உங்களுக்கு ஆகும். ஆனால் 180-ஐ வாங்கி 230-ஆக்கி 2000 வாட் கொடுக்க அது லைனிலிருந்து குறைந்தது 11.1 ஆம்பியர் இழுக்கும். நேரே போட்டிருந்தால் 6.8-தான். இழுவை கூடியதால் லைன் வோல்ட் இன்னும் சரியும், பக்கத்து வீட்டு டியூப்லைட் மினுக்கும், அவர்களும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குவார்கள். ஃப்ரிட்ஜுக்கு வைத்துக்கொள்ளலாம். கெய்சருக்கு வேண்டாம் என்பேன்.

ஐந்தாம் படி: பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்

நம் ஊரில் சின்ன பிளக் 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 1500 வாட் கெட்டில் முழு வோல்ட்டில் 6.5 ஆம்பியர், அதுவே சின்ன பிளக்கின் எல்லையைத் தாண்டிவிட்டது. 2500 வாட் ஆயில் ஹீட்டர் 10.9 ஆம்பியர். அதைப் பெரிய பிளக்கைச் சின்ன ஓட்டையில் மாட்ட உதவும் கன்வெர்ட்டர் வைத்து 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுகிற அறைகள் சீசனில் ஏராளம்.

பிளக் ஓட்டை தளர்ந்து அங்கே 0.3 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். 0.3 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டர் பிடிக்கவே தடுமாறும் அளவு. 8.7 × 8.7 × 0.3, 23 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னும் சுமார் 25 வாட்தான். அப்படி ஒன்றைப் பிளாஸ்டிக் பிளக்குக்குள் சொருகி வைத்தது மாதிரி. கெய்சரை அணைத்துக் கழற்றியதும் பிளக் பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

இந்தக் கணக்கு எங்கே ஏமாற்றும்

குண்டு பல்பில் ஏமாற்றும். 100 வாட் பல்புக்கு லேபிள் கணக்கில் 529 ஓம். ஆறிய பல்பை மீட்டரில் பார்த்தால் சுமார் 40 ஓம்தான் இருக்கும். டங்ஸ்டன் இழை சூடானதும்தான் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது.

ஃப்ரிட்ஜிலும் மோட்டாரிலும் இன்னும் மோசம். அவற்றின் சுருளை ஓமில் அளந்து வாட் கணக்குப் போட்டால் நம்பவே முடியாத எண் வரும். வோல்ட் குறைந்தால் ஹீட்டர் போல அவை அடங்கிப் போவதும் இல்லை. பாரம் ஏறிய மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். லோ வோல்டேஜில் கெய்சர் கெடுவதில்லை, ஃப்ரிட்ஜ்தான் கெடும். அப்புறம் எல்.இ.டி பல்பு, சார்ஜர் வகைகள். இவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் ஆகாது, அதைவிட அதிகமாகவே காட்டும். இழுக்கும் ஆம்பியரில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்று சொல்லும் பவர் ஃபேக்டர் என்ற சங்கதி நடுவில் வருகிறது. ஆம்பியரைக் கிளாம்ப் மீட்டரில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே ஒரு வயரைச் சுற்றித்தான் கவ்வ வேண்டும். போவதும் வருவதும் சேர்ந்த முழு வயரைக் கவ்வினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும்.

இப்படிப்பட்ட சாமான்களின் உண்மையான வாட்டைப் பார்க்க மின்வாரிய மீட்டரே போதும். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 1600 அல்லது 3200 என்று எழுதியிருக்கும், ஒரு யூனிட்டுக்கு, அதாவது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு, அத்தனை மினுக்கு. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பார்க்க வேண்டியதை மட்டும் போட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மினுக்கு என்று எண்ணுங்கள். அதை 60,000-ஆல் பெருக்கி, எழுதியிருக்கும் எண்ணால் வகுத்தால் வாட். 1600 மீட்டரில் நிமிஷத்துக்கு 53 மினுக்கு வந்தால் 1987 வாட், கெய்சருக்கு முழு வோல்ட் கிடைக்கிறது. 35 மினுக்கு என்றால் 1312 வாட், நம் மஞ்சூர் காட்டேஜ் கணக்குதான். அங்கே காயிலில் 1225, வயரில் 82, இரண்டும் சேர்ந்து 1307. மீட்டருக்கு அப்புறம் வயரில் வீணாகும் சூட்டுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள்.

ஃப்ரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் ஒரு நிமிஷம் எண்ணிப் பயனில்லை. இரவு படுக்கும்போது மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு மீட்டரில் யூனிட்டைத் தசமப் புள்ளியோடு குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் சுவிட்சைத் தொடும் முன் மறுபடி பாருங்கள். எட்டு மணி நேரத்தில் 0.4 யூனிட் ஓடியிருந்தால், 400-ஐ எட்டால் வகுத்து, சராசரி 50 வாட்.